ஐந்தாவது வரி

பூனாவில், சாங்வியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் சொல்லிவிடுவேன். தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி சமாளிக்கவும் தெரியும். அது தெரியாமல் வாத்தியார் வேலை பார்க்க முடியாது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், ஃபிட் என்றால் என்ன?" என்று கேட்டபோது, சாக்குக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உடற்பயிற்சி பற்றிய பாடம். ஓடு, குதி, ஃபிட்டாக இரு என்று முதல் வரியிலேயே வந்திருந்தது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று உட்காரவைத்தேன்.

என் கணவருக்கு அந்தச் சொல்லை ஒரு டாக்டரம்மா தாளில் எழுதிக் கொடுத்து அன்றைக்கு நாற்பது நாள். அதை எழுதவைத்தது நான்.

அவர் போசரி பக்கம் ஒரு கம்பெனியில் க்ரேன் ஓட்டினார். சாலையில் போகிற க்ரேன் இல்லை. ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஓடுகிற க்ரேன். முப்பதடி உயரத்தில் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு, அதற்குள் அவர். கீழே சங்கிலியில் டன் கணக்கான இரும்பு தொங்கும். ஷெட்டில் மெஷின்கள் போடும் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் கீழே ஒருவர் நின்று கையைக் காட்டுவார். ஏற்று, இறக்கு, வலது பக்கம், நிறுத்து, எல்லாம் கைதான். மேலே இருப்பவர் அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்டவேண்டும். அவருக்குக் கீழே நின்ற அந்தக் கை என் தம்பியுடையது. பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா திரிந்தவனை அவர்தான் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தார். மாமன் மேலே, மச்சான் கீழே என்று ஷெட்டில் கேலி பேசுவார்களாம்.

அவருக்குச் சர்க்கரை. வேலூர்ப் பக்கத்துக்காரர், பூனாவுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. 'இன்னாமே'யும் போகவில்லை, கேன்டீன் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்ளும் பழக்கமும் போகவில்லை. நானும் கத்திக் கத்திப் பார்த்து விட்டுவிட்டேன். வலது கண்ணில் புகை மாதிரி ஏதோ மிதக்கிறது என்று அவர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். சர்க்கரையை அன்றைக்கே நிறுத்தினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதை நிஜமாகவே செய்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தப் பழமொழி வாயில் வராது.

ஆறு வாரம் லீவில் இருந்தார். திரும்ப வேலையில் சேர 'ஃபிட்' வாங்கவேண்டும். கம்பெனிக்காரர்கள் பேசுவது அப்படித்தான். உடம்பு சரியில்லை என்று லீவில் போனால் 'சிக்'கில் இருக்கிறார், திரும்ப வந்தால் 'ஃபிட்' வாங்கிவிட்டார். கம்பெனி அனுப்பும் டாக்டரம்மா ஒரு தாளைப் பூர்த்தி செய்வார். அதன் அடியில் இரண்டு கட்டம். ஒன்றில் ஆங்கிலத்தில் ஃபிட், கீழே மராத்தியில் 'யோக்ய'. இன்னொன்றில் அன்ஃபிட், கீழே 'அயோக்ய'. முதல் தடவை போனபோது வலது கண்ணால் பலகையில் மேல் எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. டாக்டரம்மா இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் 'தற்காலிகம், ஒரு மாதம்' என்று எழுதினார்.

வெளியே வந்து இவர் தாளை இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே மராத்தி எழுத்து கற்றவர்.

"இன்னாமே, அயோக்கியன்னு எழுதி கையெழுத்து வேற போட்டுக்கிறாங்க?" என்றார். சிரித்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்தும் இரண்டாவது கட்டம் என்றால் வேலை போய்விடும். கீழே உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் எப்போதோ கான்ட்ராக்டுக்குப் போய்விட்டது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. க்ரேன் தவிர எதுவும் தெரியாது. வீட்டில் இருந்த அந்த நாட்களில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் காற்றில் நெம்புகோலைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொள்வார்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் அந்தச் சொல்தான். காலையில் மைதானத்துக்கு நடக்கப் போவோம். போலீஸ் பர்த்தி, மிலிட்டரி பர்த்தி என்று ஆள் எடுப்புக்குத் தயாராகும் வாலிபர்கள் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் மெடிக்கலில் ஃபிட், ஒருவன் தட்டைப் பாதத்தால் அன்ஃபிட். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் அவரைப் பார்த்து, "க்யா அண்ணா, எக்தம் ஃபிட்?" என்பார். தையல்காரர் என் ஜாக்கெட்டைப் பிடித்துப் பார்த்து ஃபிட்டிங் சரியாக இருக்கிறது என்பார். எலக்ட்ரீஷியன் ஃபேனை ஃபிட் பண்ணிவிட்டுப் போவார். ஊரில் எல்லாமும் எல்லாரும் எங்கேயோ கச்சிதமாகப் பொருந்தியிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல்மேலேயே வெறுப்பு வந்தது.

ஸ்டாஃப் ரூமில் ஒரு பெரிய அகராதி உண்டு. அதை எடுத்துப் பார்த்தேன். அவர் வயிற்றெரிச்சலில் இருக்க நான் சொல்லாராய்ச்சி செய்தேன் என்று சிரிக்கவேண்டாம். சிலர் கோயிலுக்குப் போவார்கள், நான் அகராதிக்குப் போவேன். எங்கிருந்து வந்த சொல் என்று தெரியாது என்று போட்டிருந்தது. இவ்வளவு பேர் தலையெழுத்தை எழுதுகிற சொல்லுக்கு அப்பன் பெயர் தெரியாதாம். இடைக்கால ஆங்கிலத்தில் 'சமமான எதிராளி' என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது, அதற்கு உறவாக இருக்கலாம் என்று ஓர் ஊகம். சண்டையில் உனக்குச் சரிக்குச் சரி நிற்பவன். முதலில் இந்தச் சொல் தனியாக வராது. இன்னதுக்கு ஏற்றது, இன்னாருக்குத் தக்கது என்றுதான் வரும். உடம்பு திடமாக இருக்கிறது என்கிற பொருளில் தனியாக நிற்க ஆரம்பித்தது ரொம்பப் பிந்தித்தான். எதற்கு ஏற்றது என்கிற பாதியை எங்கேயோ வழியில் தொலைத்துவிட்டார்கள். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு மூடிவைத்தேன். எனக்கு வேண்டியது பொருள் இல்லை, டிக்.

அந்த டாக்டரம்மாவின் அறைச் சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. மேலே பெரிதாக ஓர் எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. முதல் தடவை போனபோதே, என் கணவர் சட்டைப் பொத்தான் போடும் நேரத்தில், நான் அதை போனில் படம் எடுத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரியும்.

மனப்பாடம் செய்யவைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆறு வரி. மைதானத்தைச் சுற்றி நடந்தபடி சொல்லிக்கொடுத்தேன். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. நாலு வரி இரண்டே நாளில் வந்துவிட்டது. ஐந்தாவது வரியில்தான் இடறுவார். பி, ஈ, சி, எஃப், டி. அவருக்கு சி முன்னால் வராது, எஃப் ஓடிவந்து முந்திக்கொள்ளும்.

"சி, எஃப். சி முதல்ல. எத்தனை தடவை சொல்றது?"

"ரெண்டுல எது வந்தா இன்னாமே? ரெண்டும் எழுத்துதான."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று அதட்டினேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் நடந்தபடியே, "பி, ஈ, எஃப்..." என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

ஒரு மாதம் முழுக்க அந்த வரி. பல் தேய்க்கும்போது, வெங்காயம் உரித்துக் கொடுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. எட்டாவதோடு படிப்பை விட்ட மனுஷன் எனக்குப் பயந்து ஆங்கிலம் படித்தார். சோதனைக்கு முந்தின நாள்கூடத் தப்பாகத்தான் சொன்னார். நான் கோபத்தில் தட்டை டொக்கென்று வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா இடது கண்ணை மூடச் சொன்னார். இவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு எழுத்தாக, நடுநடுவே கொஞ்சம் நிறுத்தி, நிஜமாகவே பார்க்கிறவர் மாதிரி சொன்னார். ஐந்தாவது வரியில் எஃப் முந்திக்கொண்டது. ஒன்றிரண்டு தப்பு எல்லாருக்கும் வரும் என்று டாக்டரம்மா எடுத்துக்கொண்டார்போலிருக்கிறது. ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லி முதல் கட்டத்தில் டிக் போட்டார். அவர்மேல் குற்றமில்லை. இப்படியும் ஒரு குடும்பம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வெளியே மிட்டாய்க் கடையில் இவர் எனக்கு ஒரு பேடா வாங்கிக் கொடுத்தார். தனக்குச் சர்க்கரை போடாத டீ. "யோக்கியன் ஆயிட்டன் பாத்தியா?" என்றார். நான் பேடாவைத் தின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே மறைக்கமாட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பியதும் அந்தச் சந்தோஷமும் கிளம்பிப் போய்விட்டது. தலைக்குமேல் இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார், அதற்குக் கீழே என் கூடப்பிறந்தவன் நிற்கிறான், இரண்டு பேரையும் அங்கே நிற்கவைத்தது என் மனப்பாடம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால்தான் அன்றைய நாள் முடியும். அடுத்த நாள் மறுபடி ஆறரை.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் பொருள் கேட்டது இந்த நிலைமையில்தான். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அவர் மட்டன் வாங்கப் போயிருந்தார். துவைக்கவேண்டிய துணி ஏதாவது இருந்தால் கொடு என்று அவன் பையை வாங்கிக் கவிழ்த்தேன். ஒரு ஜோடி கையுறை விழுந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், ரோடு போடுகிறவர்கள் மாட்டுவது மாதிரி.

"கம்பெனில குடுத்தாங்களா?"

"இல்லக்கா. நானே வாங்கினது."

"எதுக்கு?"

அவன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "மாமாவுக்குத் தெரியணும்ல" என்றான்.

கையுறையைக் கையில் எடுத்தேன். அவனே சொன்னான். "வந்த மொத நாளே தெரிஞ்சிபோச்சிக்கா. கை காட்றன், ஹூக்கு நிக்கல. அப்புறம் இத மாட்டினன், கொஞ்சம் பரவால்ல. இப்ப கிட்ட வந்து நிக்கறன், அதான் சரியா வருது."

"கிட்டன்னா?"

"மஞ்சக்கோடு போட்டுக்கிறாங்க, அதுக்கு வெளிய நிக்கணும். நானு உள்ள வந்து நிக்கறன். லோடுல இருந்து ரெண்டடி. அக்கா, அழுவாத. நீ ஒண்ணும் மாமாகிட்ட சொல்லாத, எம்மேல சத்தியம் பண்ணு. அவுரு இல்லன்னா நானு ஏது?"

மூன்று பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பொய் இறங்கினால் அவன் தலையில்தான் இறங்கும். நான் அந்தக் கையுறையைத் துவைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு தடவை துவைத்தேன்.

தம்பி போன பிறகு அவரிடம் சொல்லிவிட்டேன். சத்தியமாவது மண்ணாவது. வேலைக்குப் போகவேண்டாம், நான் சம்பாதிக்கிறேன், டியூஷன் எடுக்கிறேன், எப்படியாவது இருந்துகொள்ளலாம் என்றேன். அவன் கோட்டுக்கு உள்ளே வந்து நிற்கிறான் என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "யாரு சொன்னது? அவன் தூரத்துலதாம்மே நிக்கறான். எப்பவும் நிக்கற எடம்தான். நானு பாத்துக்கினுதான இருக்கறன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் தூரம் தெரியும் என்று கண் ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டடியில் நிற்கிறவன் அவருக்கு எட்டடியில் தெரிந்தான். அவர் மனசார நம்பினார்.

"வேலைய விடுங்க" என்று அவர் காலைப் பிடித்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அதுவரை செய்ததில்லை.

காலை இழுத்துக்கொண்டார். "ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க" என்றார். பிறகு கோபமில்லாமல், "நீதானமே வாங்கிக் குடுத்த" என்றார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் மறக்காமல் கேட்டாள். ஃபிட் என்றால் ஏற்றது, தகுந்தது என்று பலகையில் எழுதினேன். யாராவது ஃபிட் என்று சொன்னால், எதற்கு என்று திருப்பிக் கேட்கவேண்டும், கேட்காமல் விடக்கூடாது என்றேன். என் குரலைக் கேட்டு முன்வரிசைப் பிள்ளைகள் பயந்தார்கள். பள்ளி விட்டதும் ஆட்டோ பிடித்து நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஆறு வரியையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் காட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "க்ரேனுக்குக் கீழே யார் நிற்கிறார்கள்?" என்று மட்டும் ஹிந்தியில் கேட்டார். என் தம்பி என்றேன். அவர் உடனே கம்பெனிக்கு போன் செய்து, மறுபரிசோதனை முடியும்வரை என் கணவரை மேலே ஏற்றவேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை அவருக்குச் செய்தி வந்தது. மறுபடி ஒரு செக்கப், எல்லாருக்கும்தான் இருக்கும், நீயும் வா என்றார். அன்று சாயங்காலம் அவர் தானாகவே மைதானத்துக்குக் கிளம்பினார். நானும் கூட நடந்தேன். "கேளுமே" என்றார். கேட்டேன். ஐந்தாவது வரியில் எஃப் முந்திக்கொண்டது. தலையில் அடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி" என்றார். நான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, சி முதல்ல, சி முதல்ல என்று சொல்லிக்கொடுத்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

புதன்கிழமை காலை. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. டாக்டரம்மா அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். இடது கண்ணைக் கையால் மூடச் சொன்னார். அவர் உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டரம்மா சுவருக்குப் போய்ப் பலகையைச் சத்தமில்லாமல் திருப்பி மாட்டினார். பின்பக்கம் மராத்தி எழுத்துகள். மேலே பெரிதாக ஒரே ஒரு 'க'. அறையின் கடைசியில் நின்ற எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

"படியுங்கள்" என்றார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஈ" என்றார்.

டாக்டரம்மா நிறுத்தவில்லை. எனக்கு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தவேண்டும்போல் இருந்தது.

"எஃப், பி. டி, ஓ, இசட்." கணீரென்ற குரல். "எல், பி, ஈ, டி." ஒரு மூச்சு விட்டார். நெற்றியைச் சுருக்கிச் சுவரை உற்றுப் பார்த்தார். உதடு ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தது. "பி. ஈ. சி. எஃப். டி."

ஆறாவது வரியையும் முடித்தார். போதும், கையை எடுங்கள் என்றார் டாக்டரம்மா, ரொம்ப மெதுவாக. அவர் கையை எடுத்தார். இடது கண்ணால் பலகையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, அறையில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினார்.

"நீ சொன்னியாமே?"

"ஆமாங்க."

தலையை மெல்ல ஆட்டினார். டாக்டரம்மா தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது வரி?" என்றார். "சரியா சொன்னனா?"

"சரியாச் சொன்னீங்க" என்றேன்.